போர்க்காலத் தலைக்கவசம்: அசலா, போலியா?

கேள்வி: இரண்டாம் உலகப் போரில் அமெரிக்க வீரர் அணிந்ததாகச் சொல்லி, எம்1 இரும்புத் தலைக்கவசம் ஒன்றை என்னிடம் விற்க வருகிறார்கள். அசல்தானா என்று எப்படி அறிவது?

பதில்: விளிம்பைச் சுற்றியுள்ள தகட்டுப் பட்டையின் இரு முனைகளும் எங்கே சேர்கின்றன என்பதை முதலில் பாருங்கள், 1941இல் தயாரிப்பு தொடங்கிய இக்கவசத்தில் அந்த இணைப்பு நெற்றிக்கு நேராக இருந்து, 1944இன் இறுதியில்தான் பின்புறத்துக்கு மாறியது. தாடைப்பட்டியைத் தாங்கும் வளையம் அசையாமல் பற்றவைக்கப்பட்டிருந்தால், அது இன்னும் முந்தைய தயாரிப்பு. உள்ளே, முன்விளிம்பருகே பொறித்த எண்ணின் மேல் எஸ் என்ற எழுத்து இருந்தால் ஷ்லூட்டர் நிறுவனத் தயாரிப்பு. இவ்வளவும் பொருந்தினாலும் வண்ணப்பூச்சை நம்பிவிடாதீர்கள். அசல் கவசத்தின் மீதே, படை மருத்துவப் பணியாளரின் அடையாளமான செஞ்சிலுவையைப் புதிதாகத் தீட்டி விலையேற்றுவது இந்த வணிகத்தில் பழைய தந்திரம். உருப்பெருக்கியில் பார்க்கும்போது பழைய கீறல்களுக்குள்ளும் சிவப்புச் சாயம் இறங்கியிருந்தால், கீறலுக்குப் பிறகே சிலுவை வந்திருக்கிறது.