ரொறன்ரோ எவ்வளவு தூரம்? வன்னி உறவுகளின் பறப்பு நேரக் கேள்விகளுக்குப் பதில்

புதுக்குடியிருப்பிலிருந்து ஒரு தங்கச்சி: அக்கா ரொறன்ரோவில் இருக்கிறா, அம்மாவைக் கூப்பிடுகிறா. டுபாய் போய் ஏன் சுற்றவேண்டும்?

அது பெரிய சுற்றே இல்லை, தங்கச்சி. கட்டுநாயக்க (கொழும்பு) விமான நிலையத்திலிருந்து ரொறன்ரோவுக்கு ஆகக் குறுகிய தூரமே சுமார் 14,000 கிலோமீற்றர். சுவரில் தொங்கும் வரைபடத்தைப் பார்த்தால் ஆபிரிக்காவையும் அத்திலாந்திக்கையும் கடந்து போவதுபோல் தோன்றும். பூமி உருண்டையில் ஒரு நூலை இழுத்துப் பிடித்துப் பாருங்கள்: அது ரஷ்யாவுக்கு மேலால் ஏறி, ஆர்க்டிக் வட்டத்துக்குள் போய், கனடாவில் இறங்கும். டுபாய் வழியே போனால் 3,300 கிலோமீற்றரும் 11,100 கிலோமீற்றரும். கூடுவது ஏறத்தாழ 400 தான், அரை மணி நேரப் பறப்பு. நேரடி விமானமும் இல்லை.

முதல் துண்டு நாலரை மணித்தியாலம், இரண்டாவது 14 மணித்தியாலம் அளவில். அம்மாவைக் களைக்க வைப்பது இடையில் காத்திருப்பதுதான். மூன்று, நாலு மணித்தியால இடைவெளி அளவானது. ஒரு மணித்தியாலம் என்றால் வயதானவருக்கு ஓட்டம், பத்து மணித்தியாலம் என்றால் தண்டனை. மலிவு என்று இரண்டு தனி ரிக்கற் எடுக்காதீர்கள். முதல் விமானம் பிந்தினால் அடுத்ததற்கு யாரும் பொறுப்பில்லை. பதியும்போதே சக்கர நாற்காலியும் கேட்டுவிடுங்கள்.

கிளிநொச்சியிலிருந்து ஒரு ஐயா: மகன் திங்கள் இரவு 10 மணிக்கு ரொறன்ரோவில் ஏறுகிறான். செவ்வாய் இரவுக்கு வான் பிடிக்கவா?

வான் பிடிக்கலாம் ஐயா, ஆனால் அவரை நீங்கள் காண்பது புதன் காலையில். கோடைகாலத்தில் அங்கே திங்கள் இரவு 10 என்றால் இங்கே செவ்வாய் காலை 7.30. பயணமும் காத்திருப்பும் 22 மணித்தியாலம் என்று வைத்தால் புதன் காலை 5.30. ரிக்கற்றில் வந்திறங்கும் நேரத்துக்குப் பக்கத்தில் சின்னதாக +2 என்று இருக்கும், ஏறிய நாளிலிருந்து இரண்டு நாள் கழித்து இறங்குகிறார் என்று அர்த்தம், அதைப் பாருங்கள். அதைக் கவனிக்காமல் ஒருநாள் முன்னரே போய் நிற்பவர்கள் இருக்கிறார்கள். கிளிநொச்சியிலிருந்து கட்டுநாயக்க சுமார் 300 கிலோமீற்றர். வவுனியா, அனுராதபுரம், புத்தளம் வழியே ஆறு ஏழு மணித்தியாலம் எடுக்கும். செவ்வாய் இரவு பத்து மணிக்கு முன்னம் வெளிக்கிடுங்கள்.

நெடுங்கேணியிலிருந்து: லண்டன் போக 11 மணித்தியாலம் என்கிறார்கள். ரிக்கற்றில் ஆறரை மணித்தியாலம்தான் வருகிறது?

ரிக்கற்றில் இருக்கும் ஏறும் நேரமும் இறங்கும் நேரமும் அந்தந்த ஊர் நேரம். பகல் 1 மணிக்கு ஏறினால் இறங்கும்போது இங்கே நள்ளிரவு 12, கோடையில் லண்டனில் மாலை 7.30. தூரம் 8,700 கிலோமீற்றர். திரும்பி வரும்போது மேல்வானத்து மேற்குக் காற்று பின்னால் தள்ளுவதால் பறப்பு கொஞ்சம் குறையும்.

மாங்குளத்திலிருந்து: அவுஸ்திரேலியா கிட்டத்தானே?

மெல்பேர்ணும் 8,350 கிலோமீற்றர், பத்து மணித்தியாலத்துக்கு மேல். லண்டனுக்கும் அதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை.

பரந்தனிலிருந்து: பலாலியால் (யாழ்ப்பாண விமான நிலையத்தால்) போனால் கொழும்பு அலைச்சல் மிச்சம் அல்லவா?

சென்னை போகிறவர்களுக்குக் கட்டாயம் மிச்சம். சுமார் 360 கிலோமீற்றர், ஒன்றேகால் மணித்தியாலம். ஓடுபாதை நீளம் போதாததால் சின்ன விமானங்கள்தான் வரும், ஆகவே எவ்வளவு பொதி கொண்டுபோகலாம் என்று முதலே கேளுங்கள். சென்னையிலிருந்து வேறு ரிக்கற்றில் வெளிநாடு போக நினைத்தால், காசு கட்டுவதற்கு முன்னம் இந்திய விசா அலுவலைப் பாருங்கள்.