ஆர்ஓடிசி ஸ்காலர்ஷிப்: கேளுங்கள், தெரிந்ததைச் சொல்கிறேன்

அமெரிக்கத் தரைப்படையின் ஆர்ஓடிசி (கல்லூரியில் படிக்கும்போதே ராணுவ அதிகாரிப் பயிற்சி தரும் திட்டம்) ஸ்காலர்ஷிப்பில் கல்லூரி முடித்து, நான்கு வருடம் சிக்னல் (தகவல் தொடர்பு) பிரிவில் அதிகாரியாக இருந்தவன் நான். நேவி, ஏர் ஃபோர்ஸ் விதிகள் வேறு. அவற்றை என்னிடம் கேட்காதீர்கள்.

தம்பி, மகள் பன்னிரண்டாவது. உண்மையில் எவ்வளவு தருவார்கள்? (டல்லாஸ்)

டியூஷனும் கட்டாயக் கட்டணங்களும் முழுதாகக் கட்டிவிடுவார்கள். அது வேண்டாமென்றால், அதற்குப் பதிலாகத் தங்கும் செலவு, சாப்பாட்டுச் செலவை ஓர் உச்சவரம்புவரை வாங்கிக்கொள்ளலாம். புத்தகத்துக்கு வருடம் 1,200 டாலர், கைச்செலவுக்குக் கல்லூரி நடக்கும் மாதங்களில் 420. மாநிலக் கல்லூரியில் டியூஷனுக்கு வேறு உதவி கிடைத்திருந்தால் இரண்டாவது வழிதான் லாபம். ஆர்ஓடிசி பிள்ளைகளுக்கு அறை வாடகையைத் தாங்களே ஏற்கும் கல்லூரிகளும் உண்டு. கேட்டால்தான் சொல்வார்கள், கேளுங்கள்.

இனி விலை. மொத்தம் எட்டு வருடக் கடமை. பெரும்பாலும் நான்கு வருடம் முழுநேரம், மிச்சம் ரிசர்வ் பட்டியலில், அதாவது தேவைப்பட்டால் அழைப்பார்கள். நான்கு வருட ஸ்காலர்ஷிப் என்றால் முதல் வருடத்தோடு விலகுபவருக்கு எந்தக் கடமையும் இல்லை. இரண்டாம் வருடம் தொடங்கிய பிறகு விலகினால் பணத்தைத் திருப்ப வேண்டும், இல்லாவிட்டால் சாதாரண சிப்பாயாகப் போக வேண்டும். இரண்டில் எது என்று முடிவு செய்வது ராணுவம், உங்கள் மகள் அல்ல.

கிரீன் கார்டு போதுமா?

போதாது. குடியுரிமை வேண்டும்.

மாலில் ஒரு ரெக்ரூட்டர் எல்லாம் பார்த்துக்கொள்கிறேன் என்றார்.

அவர் வேலை சிப்பாய்களைச் சேர்ப்பது. கையெழுத்துப் போடாதீர்கள். கல்லூரியின் ஆர்ஓடிசி அலுவலகத்துக்கே போன் செய்யுங்கள்.

பையன் பதினான்கு வயதுவரை இன்ஹேலர் எடுத்தான். சொல்லாமல் விட்டால்?

விடாதீர்கள். பதின்மூன்று வயதுக்குப் பிறகு ஆஸ்துமா என்றால் மருத்துவத் தேர்வில் தள்ளுவார்கள், சரி. ஆனால் விலக்கு கேட்கலாம், கிடைத்தவர்கள் உண்டு. பொய் சொன்னதற்கு விலக்கு கிடையாது.

சார், இதெல்லாம் பயமுறுத்தல். மருந்துக் கடைச் சீட்டை யார் தோண்டப் போகிறார்கள்? (நியூ ஜெர்ஸி)

அண்ணா, தோண்டுவார்களா என்பதே கேள்வி இல்லை. காலை ஆறு மணிக் குளிரில் இரண்டு மைல் ஓடி, என்னோடு படித்த ஒருவன் புல்லில் மண்டியிட்டு மூச்சுக்குத் தவித்தான். படிவத்தில் "இல்லை" என்று எழுதியது அவன் அம்மா. பதில் சொல்ல வேண்டியிருந்தது அவனுக்கு.

அதற்காக 60,000 டாலர் டியூஷனை விடச் சொல்கிறீர்களா?

விலக்கு கேட்கச் சொல்கிறேன். இரண்டாவது முறை.

ஹெச்-4 விசாவில் (வேலை விசாவில் வந்தவரின் குடும்பத்துக்கான விசா) இருக்கும் மகன்...

குடியுரிமை. மேலே படியுங்கள்.

சைவம் சாப்பிடலாமா?

பொட்டல உணவில் சைவ வகையும் உண்டு. களத்தில் நல்லது தீர்வதற்குள் எடுத்துக்கொள்ள வேண்டும்.

மகளின் இன்டர்வியூவுக்கு நானும் உள்ளே போகலாமா?

என் அப்பா வந்தார். "ஏன் ராணுவம்?" என்று மேஜர் என்னைக் கேட்டார். "டிசிப்ளின் வரும் சார்" என்றார் அப்பா. மேஜர் எழுந்து, கீழே காபி நன்றாக இருக்கும் என்று கதவைத் திறந்துவிட்டார். அப்பா போனதும் அதே கேள்வியை மறுபடி கேட்டார்.