ரன்டைம் எரர் 200: பிளாப்பி பழுதில்லை

பிளாப்பியில் இருந்த பழைய டாஸ் கேம் ‘ரன்டைம் எரர் 200’ காட்டி மூடிக்கொள்கிறது, பிளாப்பி பழுதா என்று கேட்டீர்கள். பழுதில்லை. டாஸ்பாக்ஸில் (பழைய டாஸ் நிரல்களை இன்றைய கணினியில் ஓட்டும் மென்பொருள்) வேகத்தைத் தீர்மானிக்கும் சைக்கிள்ஸை ‘மேக்ஸ்’ என்று வைத்திருக்கிறீர்கள் அல்லவா, அதை ‘ஃபிக்ஸ்ட் 3000’ என்று மாற்றுங்கள். எரர் 200 காட்டி மூடிக்கொள்ளாமல் கேம் திறக்கும்.

காரணம் பெரும்பாலும் கேமை எழுதப் பயன்பட்ட டர்போ பாஸ்கல், அதாவது போர்லண்ட் நிறுவனத்தின் பழைய நிரலாக்கக் கருவி. அதன் சிஆர்டி யூனிட் (திரை, தாமதம் போன்றவற்றைக் கவனிக்கும் பகுதி) தொடங்கும்போதே 55 மில்லிசெக்கன் வெறுமனே எண்ணி, அந்த எண்ணிக்கையை 55ஆல் வகுத்துக் கணினியின் வேகத்தை அளக்கும். வேகமான கணினியில் விடை 16 பிட்டுக்குள் அடங்காது. பிராசசர் அதையும் பூச்சியத்தால் வகுத்த பிழையாகவே சொல்லும்.

உறுதிசெய்ய, கேமின் எக்ஸி கோப்பை நோட்பேடில் திறந்து ‘போர்லண்ட்’ என்று ஆங்கிலத்தில் தேடுங்கள். குப்பை எழுத்துகளுக்கு நடுவே அந்தப் பெயர் இருந்தால் இதேதான். கேமை ஆக்கியவரிடம் அதன் சோர்ஸும் (எழுதிய மூல நிரலும்) இருந்தால் கேட்டு வாங்குங்கள். திருத்திய சிஆர்டியோடு மறுபடி கம்பைல் செய்தால் நிரந்தரமாகத் தீரும்.

ஒன்று கவனம். வெள்ளவத்தை வகுப்பில் நீங்கள் விளையாடிய அந்த கேமை, அவர் சம்பளத்துக்கு வேலை செய்த இடத்துக்காக எழுதினாரா என்று கேளுங்கள். அப்படியென்றால் இலங்கையின் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி உரிமை அந்த நிறுவனத்திடம் இருக்கலாம். அப்போது கேமைப் பயன்படுத்த அவர் மின்னஞ்சலில் தந்த சம்மதம் மட்டும் போதாது. அப்புறம், அந்த பிளாப்பியை இன்றைக்கே இமேஜ் (தட்டு முழுவதன் நகல் கோப்பு) எடுத்து வையுங்கள். அவ்வளவு பழைய தட்டு அடுத்த முறை வாசிக்கும் என்று நம்ப முடியாது.