ஊருணித் தண்ணீரும் காரைச் சுவரும்

கேள்வி: காரைக்குடிக்கு அருகே ஓர் உயர்நிலைப் பள்ளியில் பத்தாம் வகுப்புக்கு அறிவியல் நடத்துகிறேன். மாணவர்கள் சமன்பாடுகளை ஒப்பிக்கிறார்கள், பொருள் புரிவதில்லை. ஊரில் உள்ளவற்றைக் கொண்டே வேதியியலைக் கற்பிக்க இயலுமா? பாடங்களை முடிக்கவே நேரம் போதவில்லை.
– ஓர் ஆசிரியை

பதில்: இயலும், அம்மா. கூடுதல் வகுப்பு எதுவும் தேவையில்லை. கால்சியம் கார்பனேட்டுக்கு எப்படியும் நீங்கள் ஒதுக்கும் நேரத்தை ஊருணியிலிருந்து தொடங்கினால் போதும். ஊருணி நீரையும் ஆழ்குழாய் நீரையும் சம அளவில் இரு பாட்டில்களில் எடுத்து, குளியல் சோப்பின் கரைசலைச் சொட்டுச் சொட்டாக விட்டுக் குலுக்கி, நுரை நிலைக்க எத்தனை சொட்டுகள் ஆயின என்று மாணவர்களையே எண்ணச் சொல்லுங்கள். (கால்சியம், மெக்னீசியம் உப்புகள் மிகுந்து சோப்பு எளிதில் நுரைக்காத கடின நீரிலும் சலவைத்தூள் நுரைக்கும்; அதைத் தவிருங்கள்.) மழைநீர் தேங்கும் ஊருணியைவிட நிலத்தடி நீரில் இந்த உப்புகள் பொதுவாக மிகுதி. தம் வீட்டில் சோப்பு ஏன் இவ்வளவு கரைகிறது என்று பிள்ளைகள் கேட்ட பிறகே சமன்பாட்டைக் கரும்பலகையில் எழுதுங்கள்.

அடுத்து, வெந்நீர்ப் பானையின் அடியில் படிந்த வெண்படிவைச் சுரண்டி அதில் வினிகரை விட்டால் குமிழ்கள் எழும். பழைய வீட்டில் தானாக உதிர்ந்த சுண்ணாம்புக் காரைச் சில்லும் அவ்வாறே நுரைத்து, மணலை மட்டும் அடியில் விட்டுவைக்கும். பானையின் கறையிலும் வழவழப்பான செட்டிநாட்டுச் சுவரிலும் இருப்பது கால்சியம் கார்பனேட் என்ற ஒரே சேர்மம் என்பதை மாணவர்கள் கண்ணால் காணும் இந்த இடத்தில் அவசரப்படாதீர்கள்.

இங்கிருந்தே கணக்குக்கும் போகலாம். 100 கிராம் கால்சியம் கார்பனேட்டைச் சுட்டால் 56 கிராம் சுட்ட சுண்ணாம்பும் 44 கிராம் கார்பன் டை ஆக்சைடும் கிடைக்கும். தண்ணீர் விட்டு நீற்றிப் பூசிய சுண்ணாம்பு அந்த வாயுவைக் காற்றிலிருந்து மெல்ல மீட்டுக்கொண்டு இறுகும். ஆனால் சூளையில் எரிந்த எரிபொருளின் புகை அவ்வாறு சுவருக்குத் திரும்புவதில்லை; சுண்ணாம்பைப் பசுமையான பொருள் என்று புகழும்போது இதையும் சேர்த்துச் சொல்வதே நேர்மை.

சுட்ட சுண்ணாம்பை நீற்றும்போது அது கொதித்துத் தெறிக்கும். கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து. மாணவர்களைத் தள்ளி நிறுத்தி, பாதுகாப்புக் கண்ணாடி அணிந்து நீங்களே செய்து காட்டுங்கள். சோப்புச் சோதனையைக் கோடையில் ஒரு முறையும் ஐப்பசி மழைக்குப் பின் ஒரு முறையும் நடத்தி, இரண்டின் சொட்டுக் கணக்கையும் ஒரே பக்கத்தில் எழுதி வைக்கச் சொல்லுங்கள்.