ஏரோஸ்பேஸ் சீட்டுக்கு முன்பணம் கட்டுவதற்கு முன்

கோவை கணபதியில் லேத் பட்டறை நடத்தும் ஒரு தம்பதியின் கேள்வி இது. மகன் பிளஸ் டூ முடித்திருக்கிறான், கட்-ஆஃப் 171. சாப்பாட்டுத் தட்டு முன்னாலும் பேச்சு இந்தியா-பாகிஸ்தான் ஆயுதங்கள்தான். 2016-ல் ஒப்பந்தமான 36 ரஃபேல் போர்விமானங்கள், 2018-ல் கையெழுத்தான எஸ்-400 வான்பாதுகாப்பு ஏவுகணைகள், ரஃபேலுக்குப் பதிலடியாக 2022-ல் பாகிஸ்தான் விமானப்படையில் சேர்ந்த சீன ஜே-10சி போர்விமானம், சஷ்மாவிலும் கராச்சியிலும் சீனா கட்டிக் கொடுத்த அணு உலைகள் என்று எல்லாம் விரல்நுனியில். இதைப் பார்த்த தாய்மாமா, ஒரு நிகர்நிலைப் பல்கலைக்கழகத்தில் ஏரோஸ்பேஸ் படிப்பும் கூடவே 'நியூக்ளியர் ஸ்பெஷலைசேஷனும்' பேசி முடித்துவிட்டார். விடுதியோடு 22 லட்சம். இரண்டு லட்சம் சேமிப்பு, மீதி கடன். கடனுக்கு அன்னூர்ப் பக்கம் உள்ள பத்து சென்ட் இடத்தை அடமானம் வைக்கலாமா என்று கேட்கிறார்கள்.

பையன் விவரமானவன், கவலைப்படாதீர்கள். ஆனால் இடத்தைத் தொடாதீர்கள்.

20 லட்சம் கடன், 10.5 சதவீத வட்டி, பத்து வருடம் என்று வையுங்கள். மாதத் தவணை சுமார் 27,000 ரூபாய். படிக்கும் நான்கு வருட வட்டி இதில் சேரவில்லை. முதல் வேலையில் சேரும் பொறியியல் பட்டதாரி ஒருவனின் கையில், வாடகையும் சாப்பாடும் போக, இந்தத் தொகை நிற்பது அபூர்வம். நிற்காத மாதங்களில் பட்டறை வருமானம்தான் தவணை கட்டும். மாமா கட்டமாட்டார்.

அந்த 'நியூக்ளியர்' என்ற ஒட்டுச்சீட்டுக்காகவும் காசு கொடுக்க வேண்டாம். பாபா அணு ஆராய்ச்சி மையத்தின் பயிற்சிப் பள்ளி மெக்கானிக்கல், கெமிக்கல், மெட்டலர்ஜி, எலக்ட்ரிக்கல், எலக்ட்ரானிக்ஸ் படித்தவர்களை எடுக்கிறது. அதற்கு உதவும் கேட் (GATE) தேர்வு எழுத அரசுக் கல்லூரி மெக்கானிக்கல் போதும். அந்தப் பாதையைப் பற்றி எந்த வழிகாட்டி முகாமிலும் சொல்வார்கள், ராணுவ அதிகாரிப் பயிற்சிக்கான என்.டி.ஏ. பற்றியும் சொல்வார்கள். அவற்றை இங்கே விட்டுவிடுகிறேன்.

அவன் பேசுவதைக் கொஞ்சம் உற்றுக் கேளுங்கள். விமானத்தின் இறக்கையில் காற்று எப்படி ஓடுகிறது என்று அவன் கேட்பதில்லை. யார் யாரிடம் வாங்கினார்கள், எந்த நாடு தடுத்தது, தடையைத் தாண்டிப் பொருள் எப்படிப் போனது, இவைதான் அவன் கேள்விகள். இந்தக் கேள்விகளுக்கென்றே ஒரு வேலை இருக்கிறது. ஏற்றுமதிக் கட்டுப்பாடு என்பார்கள். கம்பெனிகளில் 'டிரேட் கம்ப்ளையன்ஸ்' என்று பெயர்ப்பலகை தொங்கும்.

இரண்டு அண்டை நாடுகளின் அணு ஆயுதப் போட்டியில் பாதி வேலை கொள்முதல். 1974-ல் இந்தியா பொக்ரானில் சோதித்த பிறகுதான், விற்பனையைக் கட்டுப்படுத்த அணுசக்திப் பொருள் வழங்கும் நாடுகளின் குழுமம் உருவானது. 1975-ல் பாகிஸ்தான் விஞ்ஞானி அப்துல் காதர் கான் நெதர்லாந்திலிருந்து, யுரேனியத்தைச் செறிவூட்டும் சென்ட்ரிஃப்யூஜ் எந்திரத்தின் தகவல்களோடு ஊர் திரும்பினார். அதன்பின் பாகிஸ்தான் தேடியது முழு எந்திரத்தை அல்ல. வால்வு, வெற்றிடப் பம்பு, இன்வெர்ட்டர், உயர்ரக எஃகு என்று உதிரி உதிரியாக. இந்தியாவும் மறுபக்கத்தில் அடிபட்டது. கல்பாக்கம் இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையம் அமெரிக்கத் தடைப்பட்டியலிலிருந்து வெளியே வந்தது 2025 ஜனவரியில்தான்.

2003-ல் நடந்த ஒன்றைப் பையனிடம் சொல்லுங்கள். கேப் டவுன் வணிகர் ஒருவர், தென்னாப்பிரிக்க மருத்துவமனைக்கு என்று சொல்லி அமெரிக்காவிலிருந்து 200 'ஸ்பார்க் கேப்' என்ற மின்பொறிச் சாதனங்கள் கேட்டார். சிறுநீரகக் கல் உடைக்கும் எந்திரத்தில் அது உண்டு. அணுகுண்டை வெடிக்கவைக்கும் மின்சுற்றிலும் உண்டு. ஒரு மருத்துவமனைக்கு அதில் சில போதும். அந்த 200 என்ற எண்ணே சந்தேகத்தைக் கிளப்ப வேண்டும். சரக்கு போகவிருந்த ஊர் பாகிஸ்தானில். அதே ஆண்டு அக்டோபரில் லிபியாவுக்குப் போன 'பிபிசி சைனா' கப்பலை இத்தாலியில் நிறுத்தியபோது, சென்ட்ரிஃப்யூஜ் பாகங்கள் மலேசியாவின் ஷா ஆலமில் உள்ள ஒரு பட்டறையில் கடைந்தவை என்று தெரிந்தது. எண்ணெய்-எரிவாயுத் தொழிலுக்கு என்று நினைத்துச் செய்தோம் என்றது அந்தக் கம்பெனி. உங்கள் பட்டறையைப் போல அங்கே ஓடியவையும் உலோகம் கடையும் எந்திரங்கள்தான்.

இந்தியாவில் ஏற்றுமதிக் கட்டுப்பாட்டுப் பட்டியலின் பெயர் ஸ்கோமெட். வெளிநாட்டு வர்த்தக இயக்குநரகத்தின் இணையதளத்தில் இலவசமாகக் கிடைக்கும். வகை 0 அணுசக்திப் பொருள்கள், அனுமதி தருவது அணுசக்தித் துறை. வகை 6 போர்த்தளவாடம், அது பாதுகாப்பு உற்பத்தித் துறையிடம். மற்றவை பெரும்பாலும் வர்த்தக இயக்குநரகத்திடம். இவற்றின் பின்னால் நிற்பவை 1992-ன் வெளிநாட்டு வர்த்தகச் சட்டமும், பேரழிவு ஆயுதங்களுக்கான 2005 சட்டமும். இரண்டாவதில் சிறைத்தண்டனை உண்டு.

வேலை எப்படி இருக்கும் என்பதற்கு உங்கள் தொழிலிலிருந்தே ஒரு வால்வை எடுத்துக்கொள்வோம். எஸ்.எஸ். 316 என்ற துருப்பிடிக்காத எஃகில் செய்தால் நிக்கல் 10 முதல் 14 சதவீதம், குரோமியம் 16 முதல் 18. ரசாயன ஆயுதத் தடுப்புக்காக வந்த விதி, 10 மி.மீ.-க்கு மேற்பட்ட வால்வில் ரசாயனம் படும் பரப்பு முழுவதும் எந்த உலோகம் என்று பார்க்கிறது. நிக்கல் 25-ஐயும் குரோமியம் 20-ஐயும் சேர்ந்து தாண்ட வேண்டும், அல்லது நிக்கல் மட்டும் 40-ஐத் தாண்ட வேண்டும். 316 இரண்டிலும் தப்பிக்கும். அதே டிராயிங்கை ஹாஸ்டெல்லாய் சி-276 என்ற நிக்கல் கலவையில் கடையுங்கள், நிக்கல் பாதிக்கு மேல், மாட்டிக்கொள்ளும். மோனெல் 400 என்ற இன்னொரு கலவையில் நிக்கல் 63 சதவீதத்துக்குக் குறையாது. அதில் செய்த வால்வு, கசிவைத் தடுக்கும் பெல்லோஸ் சீல் வைத்து 5 மி.மீ. அளவை எட்டினால் அணுசக்தி சார்ந்த வகை 4-க்குள் போகிறது, ஏனென்றால் சென்ட்ரிஃப்யூஜில் சுற்றும் யுரேனியம் ஹெக்ஸாஃபுளூரைடு வாயுவின் அரிப்பைத் தாங்குவது நிக்கலும் அலுமினியமும். எச்.எஸ். கோடு என்கிற சுங்கத் தலைப்பு எண்ணோ எல்லாவற்றுக்கும் ஒன்றே, 8481. இங்கேதான் அதிகம் சறுக்குகிறார்கள். எச்.எஸ். கோடைப் பார்த்துவிட்டு 'நம்முடையது சாதா வால்வு' என்று ஷிப்பிங் பில் போட்டுவிடுவார்கள்.

பட்டியலில் விழுந்தால் அனுமதி கேட்க வேண்டும். டேட்டா ஷீட், பர்ச்சேஸ் ஆர்டர், கடைசியில் பயன்படுத்துபவர் கையெழுத்திட்ட இறுதிப் பயன்பாட்டுச் சான்று எல்லாம் சேர்த்து இணையத்தில் விண்ணப்பம். பல அமைச்சகங்கள் உட்கார்ந்த குழு அதைப் பார்க்கும். திரும்பி வருவதன் காரணங்கள் சில்லறையாகத் தெரியும்: ஆர்டரில் ஒரு முகவரி, சான்றில் வேறொன்று, பயன்பாடு என்ற இடத்தில் 'தொழிற்சாலைக்கு' என்று ஒரே சொல், பயன்படுத்துபவர் என்று எழுதியிருப்பது ஒரு டிரேடிங் கம்பெனி. பட்டியலில் இல்லாத பொருள் என்றாலும், ஆயுதத்துக்குப் போகிறது என்று தெரிந்தால் அனுப்பக்கூடாது. பெரிய எந்திரம் வாங்கி, பொருத்திக் கொடுக்கவும் பயிற்சிக்கும் ஆள் வேண்டாம் என்கிற வாடிக்கையாளர், சரக்கு அனுப்பும் ஏஜெண்டான ஃபார்வர்டரின் அலுவலகத்தையே டெலிவரி முகவரியாகத் தருபவர், இவர்களை மோப்பம் பிடிப்பதும் இந்த வேலைதான். கட்டுப்பாட்டில் உள்ள பொருளின் டிராயிங்கை மின்னஞ்சலில் அனுப்பினாலும் ஏற்றுமதியே. இது தெரியாத பொறியாளர்கள் ஏராளம்.

இதற்கென்று தனிப் பட்டம் தேவையில்லை. அரசுக் கல்லூரியில் மெக்கானிக்கல் அல்லது மெட்டலர்ஜி கிடைத்தால் எடுங்கள், கிடைக்காவிட்டால் பி.எஸ்சி. இயற்பியலும் தாழ்வில்லை. டிராயிங்கும் மெட்டீரியல் சர்டிபிகேட்டும் படிக்கத் தெரியவேண்டும், நீளமான ஆங்கில விதிகளைச் சலிக்காமல் படிக்கவேண்டும். மூன்றாம் வருடம் வால்வு, பம்பு, மெஷின் டூல் ஏற்றுமதி செய்யும் ஏதாவது நிறுவனத்தின் ஏற்றுமதிப் பிரிவில் பயிற்சி. தமிழ்நாடு பாதுகாப்புத் தொழில் வழித்தடத்தில் கோவை, ஓசூர், சேலம், திருச்சி, சென்னை எல்லாம் இருப்பதால் இடத்துக்குப் பஞ்சமில்லை. அரசு மேசையில்தான் உட்காரவேண்டும் என்றால், வர்த்தக இயக்குநரகத்தின் அதிகாரிகள் இந்தியன் டிரேட் சர்வீஸ், யூ.பி.எஸ்.சி. குடிமைப்பணித் தேர்வு வழியே வருபவர்கள்.

பளபளப்பு இல்லாத வேலை. ஆரம்பத்தில் லாஜிஸ்டிக்ஸ் பிரிவில் ஒரு நாற்காலி, ஷிப்பிங் பேப்பர், சுமாரான சம்பளம். சின்னக் கம்பெனிகளில் தனிப் பதவியே இராது. கல்யாண வீட்டில் 'பையன் என்ன பண்றான்?' என்றால் விளக்குவதற்குள் பந்தி முடிந்துவிடும். இதையும் சேர்த்துத்தான் முடிவு செய்யவேண்டும். 'ஸ்கோமெட் டிப்ளமா' என்று யாராவது லட்சம் கேட்டால் அதையும் மறுத்துவிடுங்கள்.

இந்த ஞாயிற்றுக்கிழமை பட்டறையின் பழைய டிராயிங் பத்தும், அவற்றின் மெட்டீரியல் கிரேடும், அந்தப் பட்டியலும் அவன் கையில் கொடுங்கள். எது எந்த வகையில் விழும், ஏன் என்று எழுதச் சொல்லுங்கள். அப்பா பக்கத்தில் இருந்து அளவு மட்டும் சொல்லட்டும், விடை சொல்லக்கூடாது. சாயங்காலம் வரை உட்கார்ந்தால் மேலே பேசலாம். அரைமணியில் எழுந்து போர்விமான வீடியோ பார்க்கப் போனால், அவன் விருப்பம் செய்தி பார்ப்பதோடு நிற்கிறது என்று அர்த்தம். அதற்காக அவனைத் திட்டாதீர்கள், வேறு துறை பார்ப்போம். எப்படி ஆனாலும் பொறியியல் கலந்தாய்வின் கடைசிச் சுற்று முடியும்வரை எங்கேயும் முன்பணம் கட்டவேண்டாம். மாமாவிடம் இந்தத் தவணைக் கணக்கைக் காட்டுங்கள். ஜாமீன் கையெழுத்து அவர் போடுவாரா என்றும் கேளுங்கள்.