அமெரிக்காவில் ஸ்பானிஷ் மட்டுமே பேசும் குடியேறிகளுக்கு உள்ளூர்ச் சேவைகள் கிடைக்க நாம் எப்படி உதவலாம்?

வீட்டைச் சுத்தம் செய்ய வருபவரோ புல் வெட்ட வருபவரோ ஏதோ ஒரு கடிதத்தை நீட்டி உங்களிடம் விளக்கம் கேட்டிருப்பார் என்று எடுத்துக்கொள்கிறேன். டெக்சஸ் மாநிலத்து ஹூஸ்டனில் எனக்கும் அப்படித்தான் தொடங்கியது. ஸ்பானிஷ் தெரிந்திருக்க வேண்டிய கட்டாயமில்லை. எனக்கு இன்றும் எண்களைத் தாண்டி அதிகம் வராது.

எங்கள் குடியிருப்பில் வேலை செய்யும் ஒரு பெண்ணுக்குக் கர்ப்பப்பையில் கட்டி. துணைக்குப் போயிருந்தேன். செவிலியர் அவளுடைய மகனைப் பார்த்து, "நீயே அம்மாவிடம் கேட்டுச் சொல்லிவிடு" என்றார். நான்காம் வகுப்புப் பையன். ரத்தப்போக்கைப் பற்றி அம்மாவிடம் அவன் என்ன கேட்பான்? சட்டை நுனியை முறுக்கிக்கொண்டு தரையையே பார்த்தான். எனக்குச் சுரீரென்று கோபம் வந்துவிட்டது. 2010ஆம் ஆண்டு மருத்துவக் காப்பீட்டுச் சட்டத்தின் 1557ஆம் பிரிவின் கீழ், அரசு நிதி பெறும் மருத்துவமனை மொழிபெயர்ப்பாளரை இலவசமாகத் தர வேண்டும். அவசர நிலை தவிரச் சிறுவர்களை அந்த வேலைக்கு இழுக்கக் கூடாது. இதைச் சொன்ன பிறகுதான் தொலைபேசியை ஸ்பீக்கரில் போட்டு மொழிபெயர்ப்பாளரை அழைத்தார்கள். பையனை வெளியே உட்கார வைத்தோம். அதுவரை "ஸி, ஸி" (ஆமாம், ஆமாம்) என்று தலையாட்டிக்கொண்டிருந்தவள் மடை திறந்தாற்போலப் பேசினாள்.

மற்றதெல்லாம் எளிது. 211 என்ற எண்ணை அழைத்து ஸ்பானிஷில் பேச வேண்டும் என்றால் போதும். உணவு, வாடகை, மருத்துவம் எதற்கு எங்கே போகலாம் என்று சொல்வார்கள். குழந்தையைப் பள்ளியில் சேர்க்கக் குடியேற்ற ஆவணம் தேவையில்லை. டெக்சஸிலிருந்து போன வழக்கில்தான் 1982இல் உச்ச நீதிமன்றம் அப்படித் தீர்ப்பளித்தது. ஒன்று கவனியுங்கள்: குவாத்தமாலாவிலிருந்து வந்தவருக்குத் தாய்மொழி மாம், கிச்சே போன்ற மாயா மொழியாக இருக்கலாம். கேட்டுக்கொள்ளுங்கள்.

"எங்கள் வரிப்பணத்தில் இவர்களுக்கா?" என்று பின்னூட்டம் எழுதக் கிளம்புகிறவர்களுக்கு: டெக்சஸில் மாநில வருமான வரியே கிடையாது. கடையில் கட்டும் விற்பனை வரியை அவர்களும்தான் கட்டுகிறார்கள். சட்டத்தை மீற நான் யாருக்கும் சொல்லித்தரவும் இல்லை.

இப்படிக் கேட்கும் நம்மவர்கள் ஊரிலிருந்து வந்த அம்மாவை மருத்துவரிடம் அழைத்துப்போய், அவர் வாயைத் திறக்குமுன் "வலியெல்லாம் இல்லை" என்று தாங்களே பதில் சொல்வதையும் பார்த்திருக்கிறேன். தொலைபேசி மொழிபெயர்ப்பில் தமிழும் உண்டு, கேட்டால்தானே?