கிரகத்துக்கு மகன் பெயர்: பணம் கட்டலாமா?

கேள்வி: பிளஸ் டூ படிக்கும் என் மகனுக்கு வானியல் என்றால் உயிர். டிராப்பிஸ்ட்-1 என்ற நட்சத்திரத்தைச் சுற்றும் 'இ' கிரகத்துக்கு அவன் பெயரைப் பதிவுசெய்து சான்றிதழ் தருவதாக ஓர் ஏஜென்ட் சொல்கிறார். கடலும் மேகமும் தெரியும் புகைப்படம் ஒன்றும் கொடுத்தார். பூமி மாதிரியே தண்ணீர் உள்ள கிரகமாம். பணம் கட்டலாமா?

பதில்: கட்டாதீர்கள். முன்பணம் கொடுத்திருந்தால் இன்றைக்கே திருப்பிக் கேளுங்கள்.

முதலில் அந்தப் படம். அது புகைப்படம் அல்ல, ஓவியம். டிராப்பிஸ்ட்-1 நம்மிடமிருந்து சுமார் 40 ஒளியாண்டு தொலைவில் இருக்கிறது. வியாழனைவிடச் சற்றே பெரிய, மங்கலான நட்சத்திரம். வெறும் கண்ணுக்குத் தெரியாது. அதன் 7 கிரகங்களில் ஒன்றைக்கூட எந்தத் தொலைநோக்கியும் நேரடியாகப் படமெடுத்ததில்லை. விண்வெளி அமைப்புகள் ஓவியரை வைத்து வரைந்துவிட்டு, 'கற்பனைச் சித்திரம்' என்று ஓரத்தில் பொடி எழுத்தில் போடுகின்றன. செய்தியில் வரும்போது அந்த வரி காணாமல் போகிறது. எத்தனை முறை சொன்னாலும் இதை யாரும் திருத்துவதில்லை. ஏஜென்ட்டுகளின் முதலீடே இந்த அலட்சியம்தான்.

சரி, உண்மையில் என்ன தெரியும்? 'இ' கிரகம் 6.1 நாளுக்கு ஒருமுறை நட்சத்திரத்தின் குறுக்கே போகிறது. அப்போது ஏறக்குறைய ஒரு மணி நேரம் வெளிச்சம் அரை சதவீதம் குறையும். அதை வைத்துக் கிரகத்தின் குறுக்களவைக் கணக்கிடுகிறார்கள்: பூமியில் 92 சதவீதம். பக்கத்துக் கிரகங்கள் இழுப்பதால் குறுக்கே போகும் நேரம் கொஞ்சம் முன்பின்னாகும். அதிலிருந்து எடை கிடைக்கிறது: பூமியில் சுமார் 70 சதவீதம். அளவையும் எடையையும் சேர்த்துப் பார்த்தால், இது பாறைக் கிரகம். தண்ணீர் திரவமாக இருக்கக்கூடிய தூரத்தில் சுற்றுகிறது என்பதும் சரி. ஆனால் அதற்குக் காற்று மண்டலம் வேண்டும். இதே குடும்பத்தின் 'பி' கிரகத்தை ஜேம்ஸ் வெப் தொலைநோக்கி அளந்தபோது பகல் பக்கம் சுமார் 230 டிகிரி செல்சியஸ் என்று வந்தது. காற்றே இல்லாத வெறும் பாறைக்குப் பொருந்தும் கணக்கு அது. 'இ'யிலும் காற்று இருக்கும் என்று நிச்சயமில்லை. அங்கே கடலையும் யாரும் கண்டுபிடிக்கவில்லை. 'தண்ணீர் உள்ளது' என்று எழுதித் தருபவர் யாரும் அளக்காத ஒன்றை விற்கிறார்.

அடுத்து, பெயர். கிரகப் பெயர்களை அங்கீகரிப்பது சர்வதேச வானியல் ஒன்றியம் மட்டுமே. அது பெயர்களை விற்பதில்லை. ஏஜென்ட் பதிவுசெய்வது அவர்கள் சொந்த நோட்டுப் புத்தகத்தில்தான்.

ஒரே ஒரு விதிவிலக்கு உண்டு. சில ஆண்டுகளில் ஒன்றியமே பொதுமக்களிடம் பெயர் கேட்கும். 2019இல் நாட்டுக்கு ஒரு நட்சத்திரமும் அதன் கிரகமும் ஒதுக்கினார்கள். இந்தியாவுக்கு வந்த நட்சத்திரம் 'பிபா' ஆனது, இயற்பியலாளர் பிபா சௌத்ரியின் நினைவாக. கிரகம் 'சந்தமஸா'. முன்மொழிந்தவர்கள் மாணவர்கள்தான். கட்டணம் கிடையாது, ஏஜென்ட் கிடையாது. உயிரோடிருப்பவர் பெயரை ஏற்பதும் கிடையாது. ஆகவே 'அந்தத் திட்டத்தின் வழியாகத்தான் வாங்கித் தருகிறோம்' என்று ஏஜென்ட் பேச்சை மாற்றினாலும் நம்பாதீர்கள். அடுத்த முறை அறிவிப்பு வந்தால் உங்கள் மகனே ஒரு பெயரை முன்மொழியலாம்.

அதுவரை 'பிளானட் ஹண்டர்ஸ்' இணையதளத்தைக் காட்டுங்கள். கிரகங்களைத் தேடும் டெஸ் விண்கலம் அளந்த நட்சத்திர வெளிச்சத்தின் வரைபடங்களில், கிரகம் குறுக்கே போகும்போது வெளிச்சம் குறைந்து விழும் பள்ளத்தை அவனே தேடலாம். அதுவும் இலவசம்.